கேட்டுல தொங்குற போர்டு மட்டும் போதுமா?

📌 மேட்டூர் வட்டாரத் தொழிலாளர், இளைஞர் பயிலரங்கில் நமது ஐடி விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையிலேயே கொடுத்திருக்கோம். கொஞ்சம் நீளம்தான். ரசாயன ஆலையில வேலை செய்யறவங்க, ஆலைக்குப் பக்கத்துல குடியிருக்கறவங்க கடைசி வரைக்கும் படிங்க.



 என்னைக் கூப்பிட்டப்ப, "மீம் போடறது எப்படின்னு பசங்களுக்குச் சொல்லிக் குடு தம்பி"ன்னுதான் சொன்னாங்க. அதை மத்தியானம் சாப்பிட்டுட்டு வெச்சுக்கலாம். நான் படிச்சது கெமிக்கல் இன்ஜினியரிங். மேட்டூர்ல மைக் குடுத்தும் ரசாயன ஆலைப் பாதுகாப்பு பத்திப் பேசாம இறங்கினா, படிச்ச படிப்புக்கு அர்த்தமே இல்லைங்க.

முதல்ல ரெண்டு சம்பவம் சொல்றேன். ரெண்டும் நான் பார்த்தது. ஆலை பேரு வேண்டாம்.

காலேஜ் மூணாவது வருஷம் இன்பிளான்ட் டிரெய்னிங் போயிருந்தேன். கேட்டுல பெரிய போர்டு. "விபத்தில்லா நாட்கள்"னு போட்டு நாலு இலக்கத்துல ஒரு எண். அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டோம். உள்ள கண்ட்ரோல் ரூம்ல ஒரு சின்ன சிவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. "என்னண்ணா அது?"ன்னு கேட்டேன். "டேங்க் லெவல் அலாரம் தம்பி. சும்மா சும்மா அடிக்குது. அதான் சத்தத்தை ஆஃப் பண்ணி வெச்சிருக்கோம்"னார். "எப்ப இருந்துண்ணா?" "நான் இந்த செக்‌ஷனுக்கு வந்ததுல இருந்தே இப்படித்தான்." "நீங்க எப்ப வந்தீங்க?" "போன தீபாவளிக்கு."

இன்னொண்ணு. அங்கயே ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி அண்ணனுக்கு ஃபிளாஞ்சுல விரல் மாட்டி நசுங்கிடுச்சு. மேஸ்திரி சொன்னது இதுதான்: "ஆஸ்பத்திரியில கேட்டா வீட்டுக் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு." மறுநாள் கேட்டுல பார்த்தேன். போர்டுல ஒரு நாள் கூடியிருந்துச்சு.

இன்னைக்கு என் பேச்சே அந்த போர்டைப் பத்தித்தான். அந்த எண் உண்மையா பொய்யாங்கறது ஒரு கேள்வி. அது உண்மையாவே இருந்தாலும், உள்ள இருக்கற குளோரின் டேங்க் பத்திரமா இருக்கான்னு அது சொல்லுமா? இது ரெண்டாவது கேள்வி. அதுதான் பெரிய கேள்வி.

ரெண்டு விதமான ஆபத்து

ஆலைக்குள்ள ரெண்டு விதமான ஆபத்து இருக்கு. வழுக்கி விழறது, கை மாட்டறது, ஏணியில இருந்து விழறது எல்லாம் ஒரு வகை. இது தனிமனிதப் பாதுகாப்பு. ஹெல்மெட், ஷூ, பெல்ட் எல்லாம் இதுக்குத்தான். டேங்க், பைப், ரியாக்டர் இதுக்குள்ள அடைஞ்சிருக்க வேண்டிய விஷவாயுவோ எரிவாயுவோ வெளிய வர்றது இன்னொரு வகை. இதுதான் செயல்முறைப் பாதுகாப்பு, பிளான்ட்ல சொல்ற பிராசஸ் சேஃப்டி. முதல் வகை அடிக்கடி நடக்கும், ஒருத்தர் ரெண்டு பேருக்கு அடிபடும். ரெண்டாவது வகை அபூர்வமா நடக்கும், நடந்தா ஆலைச் சுவரோட நிக்காது.

கேட் போர்டு அளக்கறது முதல் வகையை மட்டும்தான். அதை வெச்சு ரெண்டாவதையும் மதிப்பிட்டா என்ன ஆகும்னு உலகமே பார்த்த பாடம் ஒண்ணு இருக்கு.

2005 மார்ச் 23. அமெரிக்காவுல டெக்சாஸ் சிட்டி, பிபி நிறுவனத்தோட எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அதுக்கு முந்தின வருஷம், 2004ல, அந்த ஆலையோட காயக் கணக்கு அதன் வரலாற்றிலேயே குறைவு. விபத்து நடந்த அன்னைக்கு மதியம், காயமில்லாம ஒரு மாசம் முடிச்சதுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு விருந்து. சாப்பிட்டுட்டு அவங்க டிரெய்லர் அறைகளுக்குத் திரும்பியிருந்தாங்க. பக்கத்துலயே ஒரு கோபுரத்துல எரிபொருள் நிரம்பிக்கிட்டு இருந்துச்சு. உள்ள 158 அடி உயரத்துக்கு ஏறியிருந்துச்சு. மீட்டர் காட்டினது 10 அடிக்கும் கீழ. அதுவும் இறங்கிக்கிட்டே வர்ற மாதிரி காட்டுச்சு. ரெண்டாவது உயர் மட்ட அலாரம் அடிக்கவே இல்லை. பொங்கி வெளிய வந்த எரிபொருள் பத்திக்கிச்சு. 15 பேர் செத்தாங்க, 180 பேர் காயம்.

அப்புறம் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில ஒரு குழு போட்டாங்க. 2007 ஜனவரியில அறிக்கை வந்துச்சு. அதோட சாரம் நம்ம ஊர்க் கணக்குல இதுதான்: காயக் கணக்கு குறைஞ்சதைப் பார்த்து, ஆலையே பத்திரமா இருக்குன்னு நிர்வாகம் நம்பிடுச்சு.

அமெரிக்கா கதை நமக்கு எதுக்குன்னு கேக்கலாம். விசாகப்பட்டினம் பக்கத்துலதானே இருக்கு?

2020 மே 7, விடியற்காலை. எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில ஸ்டைரீன் டேங்க் உள்ளயே சூடாகி ஆவி வெளிய வந்துச்சு. ஊரடங்கு நேரம், ஜனங்க வீட்ல தூங்கிக்கிட்டு இருந்தாங்க. 12 உயிர் போச்சு. ஆந்திர அரசு அமைச்ச உயர்மட்டக் குழு கண்டுபிடிச்சதைக் கேளுங்க. டேங்குல வெப்பநிலையை அளந்தது அடிப்பகுதியில மட்டும். சூடேறினது மேல. ஸ்டைரீன் தானா கெட்டியாகி சூடேறாம தடுக்கற மருந்து இருப்புல இல்லை. சைரன் அடிக்க 36 இடத்துல வசதி இருந்தும் சைரன் அடிக்கல.

அளக்காம இல்லீங்க, அளந்தாங்க. ஆனா தப்பான இடத்துல அளந்தாங்க. கேட் போர்டும் அதே மாதிரிதான்.

போபால் இன்னும் மோசம். 1984 டிசம்பர் 2 ராத்திரி, மிக் டேங்கைக் குளிர வைக்கற எந்திரம் பல மாசமா நிறுத்தி வெச்சிருந்துச்சு. வாயுவை எரிச்சு அழிக்கற ஃப்ளேர் குழாய் துண்டிச்சுக் கிடந்துச்சு. இதெல்லாம் ராத்திரியோட ராத்திரியா நடந்த கோளாறு இல்லை. மாசக்கணக்குல எல்லார் கண்ணு முன்னாடியும் இருந்தது. "இன்னைக்கு நம்ம பாதுகாப்புச் சாதனங்கள்ல எத்தனை வேலை செய்யுது?"ன்னு ஒரே ஒரு எண்ணைத் தினமும் எழுதியிருந்தா, அந்தத் தாள்ல ஆபத்து தெரிஞ்சிருக்கும்.

நம்ம மாநிலம், நம்ம பக்கம்

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர். கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பல்ல இருந்து அம்மோனியா கொண்டு வர்ற கடலடிக் குழாய்ல கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி ராத்திரியோட ராத்திரியா வீட்டை விட்டு ஓடினாங்க, பல பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. மாசு கட்டுப்பாட்டு வாரியம் அளந்தப்ப, ஆலை வாசல் பக்கம் காற்றுல ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா. இருக்க வேண்டிய அளவு 400.

2025 ஜனவரி 3, கோயம்புத்தூர் அவினாசி ரோடு மேம்பாலம். சுமார் 18 டன் சமையல் எரிவாயு ஏத்திட்டு வந்த டேங்கர், வண்டியில இருந்து கழண்டு விழுந்து கசிஞ்சுச்சு. பக்கத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் லீவு விட்டாங்க. தீயணைப்புத் துறை விடாம தண்ணி அடிச்சுக் காப்பாத்தினாங்க, ஒரு உயிர் போகல. இது ரோட்டு விபத்துதான், ஆலை விபத்து இல்லை. ஆனா நாமக்கல் அண்ணன்களுக்கு அந்த 18 டன்னோட அர்த்தம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்னிந்தியாவுல கேஸ் டேங்கர் ஓட்டறவங்கள்ல நாமக்கல்காரங்க நிறையப் பேர். இப்ப யோசிங்க. காயம் பூஜ்யம், சாவு பூஜ்யம். கேட் போர்டுக் கணக்குப்படி அன்னைக்கு ஒண்ணுமே நடக்கல!

நம்ம பகுதிக்கு வருவோம். 1934ல அணை கட்டி முடிஞ்சு, கரண்ட் வந்ததும் மேட்டூருக்கு ரசாயனத் தொழிலும் வந்துச்சு. உப்புத் தண்ணியில கரண்ட் விட்டா காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். இந்தத் தொழிலால பல ஆயிரம் குடும்பம் சாப்பிட்டிருக்கு, என்னைப் படிக்க வெச்ச காசும் அந்தச் சம்பளம்தான். அதனால ஆலையை மூடுன்னு சொல்ல நான் வரல.

பெரிய ஆலைகள்ல மட்டும் ஆபத்து இருக்குன்னும் நினைக்காதீங்க. குடிநீர்த் திட்டத்துல குளோரின் டன்னர் இருக்கு, ஒரு டன்னர்ல சுமார் 900 கிலோ. குளிர்பதனக் கிடங்குல அம்மோனியா இருக்கு. அங்க எல்லாம் போர்டுகூடக் கிடையாது.

அப்ப எதை அளக்கணும்?

லாரிக்காரர் கணக்குல சொல்றேன், சுலபமாப் புரியும். "என் வண்டி இதுவரைக்கும் கவிழ்ந்ததே இல்லை"ங்கறது நடந்து முடிஞ்ச கணக்கு. பிரேக் லைனர் எவ்வளவு தேஞ்சிருக்கு, டயர்ல பட்டன் எவ்வளவு இருக்கு, டிரைவர் எத்தனை மணி நேரமாத் தூங்கலைங்கறது நடக்கப் போறதைச் சொல்ற கணக்கு. தொப்பூர் கணவாய் இறங்கறதுக்கு முன்னாடி எந்தக் கணக்கைப் பார்ப்பீங்க?

ஆலைக்கும் அதேதான். டெக்சாஸ் சிட்டிக்கு அப்புறம், 2010ல அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் ஆர்.பி. 754னு ஒரு வழிகாட்டி கொண்டு வந்துச்சு. நாலு படி வெச்சிருக்காங்க. உச்சிப் படி, பெரிய கசிவு. ஒரு மணி நேரத்துக்குள்ள திறந்தவெளியில 25 கிலோ குளோரின் வெளிய வந்தாலே அது முதல் படிச் சம்பவம். யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னாலும் எழுதியே ஆகணும். ரெண்டாவது படி, அதைவிடச் சின்னக் கசிவு. மூணாவது படி, கசிவு இல்லை, ஆனா நூலிழையில தப்பிச்சது: சேஃப்டி வால்வு தூக்கினது, அழுத்தம் வரம்பைத் தாண்டினது, பிளான்ட் தானா டிரிப் ஆனது. நாலாவது படி, அன்றாட ஒழுங்கு: டெஸ்ட் தேதிப்படி நடந்துச்சா, பயிற்சி குடுத்தாங்களா, சொன்ன ரிப்பேரை முடிச்சாங்களா.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மேல் படிச் சம்பவத்தை 2 லட்சத்தால பெருக்கி, மொத்த வேலை மணியால வகுக்கணும். 2 லட்சம்னா 100 பேர் ஒரு வருஷம் செய்யற வேலை. 500 பேர் இருக்கற ஆலைன்னு வைங்க, வருஷத்துக்கு 10 லட்சம் மணி. ரெண்டு பெரிய கசிவு நடந்தா விகிதம் 0.4. ஒண்ணுமே நடக்கலைன்னா பூஜ்யம். ஆனா அந்தப் பூஜ்யத்தை நம்பிடக் கூடாது. பெரிய கசிவே சில வருஷத்துக்கு ஒருக்காத்தான் நடக்கும். 10 வருஷம் பூஜ்யம் காட்டிட்டு 11வது வருஷம் ஊரையே காலி பண்ணலாம். அதனாலதான் கீழ் ரெண்டு படி முக்கியம். அங்க மாசா மாசம் எண் கிடைக்கும், முன்கூட்டியே எச்சரிக்கும்.

இன்னொண்ணு. அந்த வேலை மணியில காண்ட்ராக்ட் தொழிலாளிகளையும் சேர்க்கணும், அவங்களுக்கு நடந்ததையும் சேர்க்கணும். டெக்சாஸ் சிட்டியில செத்தது அந்த டிரெய்லர் பக்கம் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2024 டிசம்பர்ல நம்ம மேட்டூர் அனல் மின் நிலையத்துல நிலக்கரித் தொட்டி சரிஞ்சு உயிரை விட்ட ரெண்டு பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கணக்குல வராதவங்க உயிர்தான் முதல்ல போகுது.

நாம கேக்க வேண்டிய அஞ்சு எண்

சங்கத்து அண்ணன்கள் இதை மொபைல்ல குறிச்சுக்கங்க. அடுத்த பாதுகாப்புக் கமிட்டிக் கூட்டத்துல கேளுங்க.

1. இந்த மாசம் எத்தனை கசிவு? ஒவ்வொண்ணுலயும் எத்தனை கிலோ? யாருக்கும் அடிபடாததையும் சேர்த்துச் சொல்லணும்.

2. சேஃப்டி வால்வு, டிரிப், இன்டர்லாக் எத்தனை தடவை நிஜமாவே வேலை செஞ்சு காப்பாத்துச்சு? அடிக்கடி காப்பாத்துதுன்னா சந்தோஷப்படாதீங்க. கோல்கீப்பருக்கு வேலை அதிகம்னா, முன்னாடி டிஃபென்ஸ் ஓட்டைன்னு அர்த்தம்.

3. பாதுகாப்புச் சாதனங்கள்ல தேதி தாண்டியும் டெஸ்ட் பண்ணாதது எத்தனை? கேஸ் டிடெக்டர், சேஃப்டி வால்வு, டேங்க் தடிமன் சோதனை எல்லாம் இதுல வரும்.

4. இன்னைக்கு பைபாஸ்ல இருக்கற அலாரம், இன்டர்லாக் எத்தனை? எத்தனை நாளா? யார் கையெழுத்து?

5. போன ஆய்வுலயும் ஒத்திகையிலயும் கண்டுபிடிச்ச குறைகள்ல, கெடு தாண்டியும் சரி செய்யாதது எத்தனை?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். எண்ணைக் கேட்டா எண்ணை மறைக்கவும் ஆரம்பிப்பாங்க. விரல் நசுங்கின அண்ணன் கதை அதுதான். கசிவைச் சொன்னவனுக்கு மெமோ, பூஜ்யம் காட்டின செக்‌ஷனுக்குப் போனஸ்னு வெச்சா, எல்லாரும் பூஜ்யம்தான் காட்டுவாங்க. முதல் வருஷம் சின்னச் சின்னக் கசிவுக் கணக்கு கூடினா பயப்படாதீங்க, ஜனங்க உண்மையைச் சொல்ல ஆரம்பிச்சிருக்காங்கன்னு அர்த்தம். சொன்னவனைப் பழிவாங்கக் கூடாதுங்கறதை எழுத்துல வாங்குங்க. போனஸை டெஸ்ட் தேதிப்படி முடிச்சதுக்குக் குடுக்கச் சொல்லுங்க.

சட்டம் நம்ம பக்கம் இருக்கு

போபாலுக்கு அப்புறம், 1987ல தொழிற்சாலைகள் சட்டத்துல ஒரு தனி அத்தியாயமே சேர்த்தாங்க. அபாயகரமான ஆலையில தொழிலாளிகளும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில இருக்கற பாதுகாப்புக் கமிட்டி. உடனடி ஆபத்து இருக்குன்னு தோணினா நிர்வாகத்துக்கிட்டயும், அதே நேரத்துல ஆய்வாளர்கிட்டயும் தொழிலாளி நேரடியாச் சொல்லலாம்ங்கற உரிமை. போராடி வாங்கினது இதெல்லாம். தொழிலாளர் சட்டங்களை எப்படி மாத்தி எழுதினாலும் இந்த உரிமையில ஒரு எழுத்து குறையக் கூடாதுங்கறது நம்ம கோரிக்கை.

1989ல வந்த அபாயகர ரசாயன விதிகள் ஊர்க்காரங்களுக்கும் உரிமை குடுக்குது. குளோரின் 10 டன் தொட்டாலே ஆலைக்குள்ள அவசரத் திட்டம் இருக்கணும், ஆறு மாசத்துக்கு ஒரு ஒத்திகை நடத்தணும். ஆலைக்கு வெளிய ஊருக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தோட பொறுப்பு, வருஷத்துக்கு ஒரு ஒத்திகையாவது நடக்கணும். 25 டன் தொட்டா விரிவான பாதுகாப்பு அறிக்கை குடுக்கணும். இதைவிட முக்கியம், விபத்து நடந்தா என்ன ஆபத்து, என்ன செய்யணும்னு சுத்தி இருக்கற ஜனங்களுக்கு ஆலை முன்கூட்டியே சொல்லியே ஆகணும்.

இங்க கருமலைக்கூடல், ராமன் நகர் அக்காமார்கள் இருக்கீங்க. உங்களை ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். சைரன் அடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்னு யாராவது உங்க வீட்டுக்கு வந்து சொல்லியிருக்காங்களா?

(கூட்டம் அமைதி)

சரி, நான் சொல்றேன். குளோரின் காற்றைவிட ரெண்டரை மடங்கு கனம், பள்ளத்துல தேங்கும். காத்து அடிக்கற திசையிலயே ஓடாதீங்க, குறுக்கால ஓடுங்க, மேட்டுக்கு ஏறுங்க. ஈரத் துணியால மூக்கை மூடிக்கங்க. இதை இன்னைக்கு ராத்திரியே வீட்ல குழந்தைகளுக்குச் சொல்லிக் குடுங்க.

நம்ம வேலை என்ன?

ஐடி விங் பசங்களுக்கு. விபத்து நடந்தப்புறம் ஆவேசமா போஸ்ட் போட எல்லாராலயும் முடியும். நடக்கறதுக்கு முன்னாடி கேக்கறவன்தான் கட்சிக்காரன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு போடுவோம்: நம்ம தாலுகாவுல அபாயகர ஆலைகள் எத்தனை, கடைசி ஆய்வு எப்ப, ஊர் ஒத்திகை கடைசியா எந்தத் தேதி? கிராம சபையில தீர்மானம் கொண்டு வருவோம்: அந்த அஞ்சு எண்ணையும் மூணு மாசத்துக்கு ஒருக்கா தமிழ்ல ஊராட்சி அலுவலகத்துல ஒட்டணும்.

எந்தக் கட்சி ஆட்சியில இருந்தாலும் கேப்போம். நம்ம கட்சி ஆட்சியில இருந்தாலும் இதே அஞ்சு எண்ணைத்தான் கேப்போம். விஷவாயு கட்சிக் கொடி பார்த்து வீட்டுக்குள்ள வராதுங்க.

நிர்வாகத்துல இருக்கறவங்களும் இந்த போஸ்ட்டைப் படிப்பீங்க, தெரியும். உங்களுக்கும் சொல்றேன், இது பகை இல்லை. ஒரே ஒரு பெரிய கசிவுல ஆலைக்குப் பூட்டு விழும். பூட்டு விழுந்தா முதல்ல பட்டினி கிடக்கறது எங்க வீடுதான்.

கடைசியா அந்த ஆபரேட்டர் அண்ணனைப் பத்திச் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். அவர் நல்ல மனுஷன், வேலை தெரிஞ்சவர். அலாரம் கெட்டுப் போச்சுன்னு மூணு தடவை நோட்டுல எழுதினாராம். யாரும் வரல. நாலாவது தடவை எழுதறதை விட்டுட்டார். கேட்டுல அந்த போர்டுக்குக் கீழ இன்னொரு வரி மட்டும் இருந்திருந்தா, "பைபாஸில் உள்ள அலாரம்: 1"னு போட்டுப் பக்கத்துல நாள் கணக்கும் ஏறிக்கிட்டே இருந்திருந்தா, தினமும் காருல உள்ள போற மேனேஜர் எத்தனை நாள் அதைப் பார்த்துக்கிட்டே போயிருப்பார்?

அந்த ரெண்டாவது வரியைத்தான் நாம கேக்கறோம். 

👉 உங்க ஆலையில பாதுகாப்புக் கமிட்டி கூடுதா? உங்க ஊர்ல கடைசியா ஒத்திகை எப்ப நடந்துச்சு? கமெண்ட்ல சொல்லுங்க. ஆலை பேரும் உங்க பேரும் போட வேண்டாம், ஊர் பேரு போதும். பகிருங்க உறவுகளே.

#அஞ்சு_எண்ணைச்_சொல்லு #மேட்டூர் #சேலம் #நாமக்கல்